மாதச் சம்பளத்தை விட்டுக் காட்டுக்குப் போனவர்

காட்டு விலங்குகளையும் பறவைகளையும் படம் பிடித்துப் புகழ் பெற்ற மா. கிருஷ்ணன் 1912 ஜூன் 30-ம் தேதி திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் எட்டு மக்களில் கடைக்குட்டி. தகப்பனார் 1925-ல் காலமானபோது பையனுக்கு வயது 13.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவர இயல் ஆசிரியராக வாய்த்தவர் பைசன் துரை. நீலகிரி, பழனி மலைச் செடிகொடிகளைப் பற்றி நூல் எழுதியவர். அவருடன் மலைகளில் சுற்றியதில், செடிகளை அவை முளைத்த இடத்திலேயே பார்த்துப் படிக்கக் கிடைத்தது. அந்நிய மரங்களைக் கொண்டு வந்து நம் காடுகளில் நடுவதைக் கிருஷ்ணன் பிற்காலத்தில் கடுமையாக எதிர்த்தார்.

சட்டமும் படித்தார், வக்கீல் தொழில் ஒட்டவில்லை. 1942-ல் சண்டூர் சமஸ்தானத்தில் வேலைக்கு அமர்ந்தார். இன்று அது கர்நாடகத்தில் பள்ளாரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பள்ளி ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் காரியதரிசி என்று பல நாற்காலிகளில் உட்கார்ந்தார். 1949-ல் சமஸ்தானம் சென்னை மாகாணத்துடன் இணைந்தது. அந்த உத்தியோகமும் முடிந்தது.

அப்போது வயது 37, குடும்பஸ்தர். அண்ணன் அனந்தநாராயணன் ஐ.சி.எஸ்., பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. தம்பி மனம் வைத்திருந்தால் இன்னொரு உத்தியோகம் கிடைக்காமலா போயிருக்கும்? சென்னைக்குத் திரும்பியவர் பேனாவையும் காமிராவையும் நம்பியே மீதிக் காலத்தை ஓட்டினார். ஒன்றாம் தேதியை எதிர்பார்த்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அந்தத் துணிச்சல் புரியும்.

காமிராவோ கடையில் கிடைத்த ஒன்றல்ல. உடல் ஒரு கம்பெனி, லென்ஸ் வேறொரு கம்பெனி என்று உதிரிப் பாகங்களைச் சேர்த்து அவரே பூட்டிக்கொண்டது. அதன் கனத்தைக் கேலி செய்து 'சூப்பர் பொண்டரோசா' என்று பெயரும் வைத்தார். கறுப்பு வெள்ளைப் பிலிம்தான். முதுமலை போன்ற காடுகளில் நடந்தும், பழக்கிய யானையின் மேல் ஏறியும் காட்டு யானைகளை நெருங்கினார். மரநிழலில் வெளிச்சம் போதாது; ஏறியிருக்கும் யானை நின்றாலும் அதன் உடல் அசையும்; எதிரே நிற்கும் மந்தை எந்த நிமிஷமும் திரும்பலாம். அத்தனையும் கூடி வரும் விநாடிக்குக் காத்திருந்து எடுத்த படங்கள் அவை.

1968-ல் கிடைத்த நேரு நினைவு உதவித்தொகையைக் கொண்டு தீபகற்ப இந்தியக் காடுகளின் விலங்கு நிலையை ஆராய்ந்தார். அது 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் மூலம் நூலாயிற்று. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் வழிநடத்தும் குழுவிலும் இருந்தார்.

கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு 1950-ல் எழுதத் தொடங்கிய இயற்கைக் கட்டுரைப் பகுதியை 46 வருஷம் விடாமல் எழுதினார். 1996 பிப்ரவரி 18-ம் தேதி சென்னையில் காலமானார். அன்றைய 'ஸ்டேட்ஸ்மன்' இதழிலும் அவர் கட்டுரை வந்திருந்தது.