ஒரே ஸ்டாரை நம்பிய லீக்... ஒரே சீசனில் காலி! யார் இந்த ரெட் கிரேஞ்ச்?

மார்ச் மாதக் கடைசியில் அமெரிக்காவில் யூ.எஃப்.எல் என்ற ஃபுட்பால் லீக் தொடங்கும். கூடவே ஒரு கேள்வியும் கிளம்பும். அடுத்த வருஷம் இந்த லீக் இருக்குமா?

கேட்பதில் தப்பே இல்லை. என்.எஃப்.எல் என்ற பெரிய லீகுக்குப் பக்கத்தில் கடை விரித்த சின்ன லீகுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று சீசனுக்குள் காணாமல் போயிருக்கின்றன. 2019-ல் வந்த ஏ.ஏ.எஃப் முதல் சீசனைக்கூட முடிக்கவில்லை. நடுவிலேயே பணம் நின்றுபோய், வீட்டுக்குத் திரும்பும் செலவைச் சில வீரர்கள் தங்கள் பாக்கெட்டிலிருந்து போட வேண்டியதாயிற்று.

இந்தக் கதை 100 வருஷம் பழசு. என்.எஃப்.எல்லுக்கு எதிராக முதன்முதலில் ஒரு லீக் தொடங்கப்பட்டது 1926-ல். ஒரே ஒரு இளைஞரை நம்பித்தான் அது தொடங்கியது. அவர் பெயர் ரெட் கிரேஞ்ச். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால், சின்ன லீகுகள் ஏன் திரும்பத் திரும்ப விழுகின்றன என்பது கிட்டத்தட்ட புரிந்துவிடும்.

முதலில், இது எந்த ஃபுட்பால்?

நாம் ஃபுட்பால் என்று சொல்வது அமெரிக்காவில் சாக்கர். அவர்களுடைய ஃபுட்பாலில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், எறிந்து பிடிப்பதும்தான் ஆட்டமே. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அதற்குள் 10 யார்டாவது முன்னேற வேண்டும். எதிரணிக்காரர்கள் ஆளைப் பிடித்துத் தரையில் சாய்த்துத் தடுப்பார்கள். எல்லாரையும் தாண்டி எதிர்முனைக்குப் போய்விட்டால் அது டச்டவுன், 6 பாயின்ட்.

ஆக, பந்தோடு ஓடுகிறவர்தான் ஹீரோ. அதிகமாக அடி வாங்குகிறவரும் அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் திரும்ப வரும்.

ஐஸ் வண்டிக்காரர்

ஹரால்டு எட்வர்டு கிரேஞ்ச் பிறந்தது 1903 ஜூன் 13, பென்சில்வேனியா மாநிலத்தின் ஃபோர்க்ஸ்வில். அப்பா மரம் வெட்டும் முகாம் ஒன்றில் மேற்பார்வையாளர். கிரேஞ்சுக்கு 5 வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். குடும்பம் சிகாகோ பக்கத்தில் இருக்கும் வீட்டன் என்ற சிறிய ஊருக்கு இடம் மாறியது. அங்கே அப்பா போலீஸ் தலைவரானார்.

வீட்டில் பெரிய வசதி இல்லை. ஃபிரிட்ஜ் பரவலாக வராத காலம் என்பதால் வீடு வீடாக ஐஸ் கட்டி கொண்டுபோய்ப் போடும் வேலை இருந்தது. கோடை விடுமுறையில் கிரேஞ்ச் அந்த வேலைக்குப் போனார். கனமான ஐஸ் கட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்கியதுதான் அவருக்கு ஜிம். பின்னாளில் பத்திரிகைகள் அவரை 'வீட்டன் ஐஸ்காரர்' என்று எழுதியதற்கு இதுதான் காரணம். நாடே அறிந்த ஸ்டார் ஆன பிறகும் லீவு விட்டால் ஐஸ் தூக்கப் போய்விடுவார்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஃபுட்பால் ஆடும் எண்ணம் அவருக்குப் பெரிதாக இல்லை. கூடத் தங்கியிருந்த சீனியர் மாணவர்கள்தான் வற்புறுத்தி மைதானத்துக்கு அனுப்பினார்கள். கொடுக்கப்பட்ட ஜெர்சி எண் 77. பிறகு அந்த எண்ணுக்கே ஒரு கிரேஸ் வந்துவிட்டது.

12 நிமிடத்தில் மாறிய வாழ்க்கை

1924 அக்டோபர் 18. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் புது ஸ்டேடியத்துக்கு அர்ப்பணிப்பு விழா. எதிரணி பலம் வாய்ந்த மிச்சிகன். கூட்டம் 60,000-க்கும் மேல்.

ஆட்டத்தின் முதல் பந்தே கிரேஞ்ச் கைக்கு வந்தது. 95 யார்டு ஓடி டச்டவுன். அடுத்த சில நிமிடங்களில் இன்னும் 3. மொத்தம் 12 நிமிடத்தில் 4 டச்டவுன்! பிறகு ஐந்தாவதும் போட்டு, ஆறாவதுக்குப் பந்தை எறிந்தும் கொடுத்தார். இல்லினாய் 39-14 என ஜெயித்தது.

அன்றிலிருந்து அவர் 'கேலப்பிங் கோஸ்ட்', அதாவது குதிரைப் பாய்ச்சலில் ஓடும் பேய். பிடிக்கப் போனால் கையில் சிக்காமல் நழுவிவிடுவார் என்பதால் அந்தப் பெயர். 1925-ல் டைம் இதழ் அட்டையிலும் வந்துவிட்டார்.

கௌரவமா, பணமா?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் காலேஜ் ஃபுட்பால்தான். சம்பளம் வாங்கி ஆடும் ஃபுட்பாலுக்கு மரியாதையே கிடையாது. 1920-ல் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரில், ஒரு கார் ஷோரூமில் கூடிப் பேசி ஆரம்பித்ததுதான் இன்றைய என்.எஃப்.எல். சின்னச் சின்ன ஊர்களின் அணிகள் சேரும், கடன் ஏறும், கலைந்து போகும். சாதாரண வீரருக்கு ஒரு ஆட்டத்துக்கு 100 டாலர் அளவில் கிடைத்தால் அதிகம். சொல்லப்போனால், அன்றைக்கு என்.எஃப்.எல்லே ஒரு 'சின்ன லீக்'தான்.

இந்த நேரத்தில் கிரேஞ்சைத் தேடி வந்தவர் சி.சி. பைல். சினிமா தியேட்டர் முதலாளி, பேச்சில் கெட்டிக்காரர். ஒரு வீரருக்கு ஏஜென்ட் என்பதே புதுசாக இருந்த காலத்தில் கிரேஞ்சின் ஏஜென்ட் ஆனார். சிகாகோ பேர்ஸ் அணியோடு டீல் பேசினார். அதன் முதலாளி, பயிற்சியாளர், வீரர் என மூன்று வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் ஹாலஸ். கிரேஞ்ச் கேட்டது சம்பளம் அல்ல, டிக்கெட் வசூலில் பங்கு.

1925 நவம்பர் 21-ல் கடைசி காலேஜ் ஆட்டம். மறுநாளே பேர்ஸ் அணியில் கையெழுத்து! பட்டம் வாங்கவில்லை. அவருடைய காலேஜ் பயிற்சியாளர் பாப் சப்கிக்குக் கடும் கோபம். காசுக்காகக் காலேஜை விட்டுவிட்டான் என்று பலரும் திட்டினார்கள். ஐஸ் தூக்கிப் படித்த ஒரு பையன், தன் ஓட்டத்துக்குத் தானே விலை வைத்தால் என்ன தப்பு என்று கேட்டவர்கள் குறைவு.

நியூயார்க்கைக் காப்பாற்றிய ஒரு மதியம்

சில நாளில் சிகாகோவில் முதல் ஆட்டம். சுமார் 36,000 பேர் வந்தார்கள். பிறகு பைல் போட்ட டூர் பிளான்தான் கொடுமை. இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகமான காலத்தில் கிட்டத்தட்ட 19 ஆட்டங்கள். சில வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டம். இன்று என்.எஃப்.எல் வீரர்கள் வாரத்துக்கு ஒரு ஆட்டம்தான் ஆடுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 6, நியூயார்க். எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸ். அந்த வருஷம்தான் டிம் மாரா என்பவர் 500 டாலருக்கு உரிமம் வாங்கி அணியைத் தொடங்கியிருந்தார். கூட்டம் வரவில்லை, கடன் கழுத்தை நெரித்தது. கிரேஞ்ச் வந்த அன்று மட்டும் 65,000-க்கும் மேற்பட்டவர்கள் குவிந்தார்கள். அந்த ஒரு மதிய வசூலில் மாராவின் கடன் தீர்ந்தது, ஜயன்ட்ஸ் பிழைத்தது.

ஆனால் டூரின் மறுபக்கமும் இருக்கிறது. ஓய்வில்லாத ஆட்டங்களில் அடி மேல் அடி. கையில் காயம் பட்டு கிரேஞ்ச் இறங்காத ஆட்டத்தில் ரசிகர்கள் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஜனங்கள் பார்க்க வந்தது ஃபுட்பாலை அல்ல, கிரேஞ்சை. பைல் இதைக் கவனித்திருக்க வேண்டும்.

அவருக்காகவே ஒரு லீக்

1926-ல் பைல் அடுத்த காயை நகர்த்தினார். பேர்ஸ் அணியில் மூன்றில் ஒரு பங்கு கேட்டார், ஹாலஸ் மறுத்துவிட்டார். நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு, எனக்கு இங்கே ஒரு என்.எஃப்.எல் அணி வேண்டும் என்று போய் நின்றார். நியூயார்க் என் ஏரியா என்று மாரா கறாராகச் சொல்லிவிட்டார். கிரேஞ்சால் பிழைத்தவரே கிரேஞ்சுக்குக் கதவைச் சாத்தினார்.

அப்படியானால் நானே ஒரு லீக் தொடங்குகிறேன் என்று பைல் ஆரம்பித்ததுதான் அமெரிக்கன் ஃபுட்பால் லீக், சுருக்கமாக ஏ.எஃப்.எல். மொத்தம் 9 அணிகள். கிரேஞ்சின் அணிக்குப் பெயர் நியூயார்க் யாங்கீஸ்.

கணக்கு எங்கே இடித்தது? 9 அணிகள் உள்ள லீகில் ஒரே நாளில் 4 ஆட்டம் நடந்தால், கிரேஞ்ச் ஆடுவது ஒன்றில்தான். மற்ற 3 மைதானங்களுக்கு யார் வருவார்கள்? இன்னொரு பக்கம், என்.எஃப்.எல்லும் போட்டிக்காக 22 அணிகள் வரை ஊதிப் பெருத்திருந்தது. அதே நகரம், அதே வார இறுதி, அதே ரசிகர். இருந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்தது.

சீசன் முடியும்போது ஏ.எஃப்.எல்லில் மிச்சம் இருந்தவை 4 அணிகள். சாம்பியன் ஃபிலடெல்ஃபியா குவேக்கர்ஸ் டிசம்பரில் ஜயன்ட்ஸோடு ஒரு ஆட்டம் ஆடியது. ஜயன்ட்ஸ் என்.எஃப்.எல்லில் முதலிடம்கூட இல்லை. ஆனாலும் 31-0 என்று ஊதித் தள்ளியது. அதோடு லீகும் முடிந்தது. ஒரே சீசன்.

என்.எஃப்.எல்லும் காயமில்லாமல் தப்பவில்லை. அடுத்த வருஷம் அது 12 அணிகளாகச் சுருங்கியது. கிரேஞ்சின் யாங்கீஸை மட்டும் உள்ளே சேர்த்துக்கொண்டது.

முழங்கால் கொடுத்த விலை

1927 அக்டோபர் 16. சிகாகோவில் தன் பழைய பேர்ஸ் அணிக்கு எதிராக ஆடும்போது கிரேஞ்சின் வலது முழங்கால் திருகிக்கொண்டது. இன்றைக்கு இருக்கும் அறுவை சிகிச்சையெல்லாம் அப்போது இல்லை. 1928 முழுக்க ஆடவில்லை. யாங்கீஸ் அணியும் அந்த சீசனோடு மூடப்பட்டது. பைலோடும் உறவு முடிந்தது. சில சினிமாக்களில் நடித்துப் பார்த்தார்.

பொதுவாக இங்கே கதை முடிந்துவிடும். ஆனால் ஹாலஸ் 1929-ல் அவரைத் திரும்ப பேர்ஸுக்குக் கூப்பிட்டார். சட்டென்று திசை மாற்றி நழுவும் அந்தப் பழைய ஓட்டம் போயே போய்விட்டது. அது தெரிந்துதான் போனார். எதிராளியைத் தடுத்துச் சாய்க்கும் டிஃபென்ஸ் வேலையைக் கற்றுக்கொண்டு அதில் பெயர் வாங்கினார்.

1932 சாம்பியனை முடிவு செய்யும் ஆட்டம் கடும் குளிரால் சிகாகோவில் கூரைக்குக் கீழே, சுருக்கிய மைதானத்தில் நடந்தது. வெற்றிக்கான டச்டவுன் பந்தைப் பிடித்தது கிரேஞ்ச். 1933 இறுதி ஆட்டத்தின் கடைசி நொடியில், தோல்வியிலிருந்து பேர்ஸைக் காப்பாற்றிய டேக்கிளும் அவருடையதே. எதிரணி? அதே ஜயன்ட்ஸ். 1934 சீசனோடு ஓய்வு. பிறகு ரேடியோ, டிவி வர்ணனையாளர். 1963-ல் கேன்டனில் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம் திறந்தபோது முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது.

அதே கதை, வேறு பெயர்

பைலின் திட்டத்தைப் பின்னால் வந்தவர்கள் தூசி தட்டி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். 1983-ல் யூ.எஸ்.எஃப்.எல் தொடங்கியது. கிரேஞ்ச் போலவே காலேஜை முடிக்காத ஹெர்ஷல் வாக்கரைப் பெரிய தொகைக்குத் தூக்கியது. வசந்த காலத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை தனக்கென்று ஓர் இடம் இருந்தது. என்.எஃப்.எல் ஆடும் சீசனுக்கே மாறி நேருக்கு நேர் மோதப்போவதாக அறிவித்து, வழக்கும் போட்டது. 1986-ல் வழக்கில் ஜெயித்தது. நஷ்டஈடு 1 டாலர், சட்டப்படி மூன்று மடங்காக்கி 3 டாலர்! லீக் அதோடு சரி.

பிழைத்தது யார்? 1960-ல் அதே ஏ.எஃப்.எல் பெயரில் லாமர் ஹன்ட் தொடங்கிய லீக். அவர் ஒரு ஸ்டாரை நம்பவில்லை. நஷ்டத்தைப் பல வருஷம் தாங்கும் முதலாளிகளைச் சேர்த்தார். டிவி பணத்தை எல்லா அணிகளும் சமமாகப் பங்கிட்டன. அதனால் கூட்டம் வராத ஊரின் அணியும் மூச்சு விட முடிந்தது. 1970-ல் அதன் 10 அணிகளும் என்.எஃப்.எல்லோடு இணைந்தன.

இன்றைய யூ.எஃப்.எல், எக்ஸ்.எஃப்.எல்லும் புது யூ.எஸ்.எஃப்.எல்லும் சேர்ந்து 2024-ல் 8 அணிகளோடு தொடங்கியது. இது என்.எஃப்.எல்லோடு மோதவில்லை, அது ஓய்வெடுக்கும் மாதங்களில் ஆடுகிறது. டிவி நிறுவனமே பங்குதாரர். 1926-ன் தப்புகளில் சிலவற்றைத் தவிர்த்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் தங்கள் ஊர் அணி என்று டிக்கெட் வாங்கி வரும் கூட்டம் உருவாக வருஷங்கள் பிடிக்கும். அதுவரை முதலாளிகளின் பொறுமை தாங்குமா என்பதில்தான் அதன் எதிர்காலம் இருக்கிறது. தாங்காவிட்டால் இழப்பு முதலாளிக்கு மட்டுமில்லை. என்.எஃப்.எல்லில் இடம் கிடைக்காமல், இன்னொரு வாய்ப்புக்காக முழங்காலைப் பணயம் வைத்து ஆடும் பையன்களுக்கும்தான்.

கிரேஞ்ச் 1991 ஜனவரி 28 அன்று ஃபுளோரிடாவில் இறந்தார். வயது 87. அதற்கு முந்தைய நாள்தான் அதே மாநிலத்தில் சூப்பர் பவுல் நடந்தது. 20-19 என்று ஜெயித்த அணி, 1925-ல் அவரால் பிழைத்த ஜயன்ட்ஸ். ஒரு பாயின்ட்டில் தோற்றது பஃபலோ பில்ஸ், 1960-ல் தொடங்கித் தாக்குப்பிடித்த அந்தச் சின்ன லீகிலிருந்து வந்த அணி.