பி.டி. சாக்கோ: பீச்சி விபத்தில் சரிந்த அரசியல்

கேரள உள்துறை அமைச்சர் பி.டி. சாக்கோவின் செல்வாக்கு, 1963 டிசம்பரில் பீச்சி அருகே நேர்ந்த கார் விபத்தில் சரியத் தொடங்கியது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு வழியே திருச்சூர் செல்வோர் அறிந்த பகுதிதான் அது.

1915-ல் பிறந்த சாக்கோ, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், முதல் மக்களவைக்கு மீனச்சில் தொகுதியிலிருந்து தேர்வானவர், ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சியை எதிர்த்து நின்ற எதிர்க்கட்சித் தலைவர்.

கைவண்டி மீது மோதிவிட்டு நிற்காமல் சென்றதாக எழுந்த புகாரே காவல்துறையின் பொறுப்பாளருக்குக் கனமானது. ஊர் பேசியதோ காரில் இருந்த பெண்ணைப் பற்றி. கட்சி ஊழியர் என்ற விளக்கத்தை எதிர்ப்பாளர்கள் ஏற்கவில்லை. காங்கிரஸ் எம்.எல்.ஏ. பிரகலாதன் கோபாலனே அமைச்சர் விலகக் கோரி உண்ணாவிரதம் இருந்தார். முதல்வர் ஆர். சங்கர் கோஷ்டியின் சூழ்ச்சி என்றனர் ஆதரவாளர்கள். இரு தரப்பு வாதத்திலும் உண்மை இருந்தது.

1964 பிப்ரவரியில் சாக்கோ ராஜிநாமா செய்தார். மாநில காங்கிரஸ் தலைவர் தேர்தலிலும் தோற்ற அவர், சில மாதங்களில் 49-வது வயதில் மாரடைப்பால் காலமானார். செப்டம்பரில் அவரது ஆதரவாளர்கள் 15 பேர் கே.எம். ஜார்ஜ் தலைமையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தை ஆதரிக்க, சங்கர் அமைச்சரவை கவிழ்ந்தது. அக்டோபரில் கோட்டயத்தில் கேரள காங்கிரஸ் உதயமானது.

மகன் பி.சி. தாமஸ் பின்னாளில் வாஜ்பாய் அரசில் மத்திய இணை அமைச்சரானார்.