மகவிழந்த தந்தையும் மாத இதழும்

சென்னை ஜார்ஜ் டவுனில், ஆர்மீனியன் தெருவில், 1772ஆம் ஆண்டில் எழுந்த புனித மரியன்னை ஆலயத்தின் முற்றமெங்கும் கல்லறைப் பலகைகள் பாவிக் கிடக்கின்றன. அம்முற்றத்தில் துயில்பவருள் ஒருவர் அருள்திரு அரத்தூன் ஷ்மவோனியன். ஆர்மீனிய இதழியலின் தந்தை என அம்மக்கள் போற்றும் பெருமகன்.

பாரசீகத்து ஷீராஸ் நகரில் 1750ஆம் ஆண்டு பிறந்தவர். குருப்பட்டம் ஏற்றார், இல்லறமும் நடத்தினார். ஆர்மீனியத் திருச்சபையில் பங்குக் குருமார் மணம் புரிவது மரபு. புதல்வர் இருவரை ஒரே வாரத்தில் கூற்றுவன் கொண்டுபோனான். ஆற்றாமையால் ஊரும் உறவும் நீங்கி, பாரசீகத் துறவியரோடு ஏழாண்டுகள் ஒடுங்கியிருந்து அம்மொழியில் ஆழ்ந்த புலமை பெற்றார். புத்திரசோகத்தில் தசரதன் உயிரை நீத்தான். இவரோ ஒரு மொழியைக் கற்றார்.

1784இல் ஆர்மீனியரின் பங்குக் குருவாகச் சென்னைக்கு வந்தார். இங்கிருந்தோர் பெரும்பாலும் புதிய ஜுல்ஃபா வணிகர். பட்டும் மணியும் விற்றுச் செழித்தவர். சைதையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கானும் அவர் இனத்தவரே. செல்வம் இருந்தது; நாடு இல்லை. 1375இல் சிலிசிய அரசு வீழ்ந்தபின் அவர்க்கெனக் கொடியோ முடியோ கிடையாது. அந்த ஏக்கம் இங்கே அச்சேறியது. ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் வணிகர் சென்னையில் அச்சகம் நிறுவி, இனி அமையப்போகும் ஆர்மீனியக் குடியரசுக்கு 500க்கு மேற்பட்ட விதிகள் கொண்ட அரசியற் சட்டத்தையே நூலாக்கினார். மண்ணே இல்லாதவர் அதற்குச் சட்டம் வகுத்தது விந்தைதான்.

ஷ்மவோனியன் 1789இல் தமக்கென ஓர் அச்சகம் கண்டார். 1794 அக்டோபர் 16ஆம் நாள், உலகின் முதல் ஆர்மீனிய இதழாகிய ‘அஸ்தரார்’ அதிலிருந்து வெளிவந்தது. செய்தி அறிவிப்போன் என்பது பொருள். கப்பல் வரவு, சரக்கு விலை, தாயகத்துச் சேதி, கடிதங்கள், இலக்கியம் என மாதந்தோறும் தொகுத்தார். அப்போது தீர்த்தமலையை உள்ளிட்ட சீமை திப்புவிடமிருந்து கும்பினியின் கைக்கு மாறி ஈராண்டே ஆகியிருந்தது. ரீடும் மன்றோவும் வரித்திட்டம் வகுப்பதில் முனைந்திருந்தனர். தமிழில் முதல் இதழ் தோன்ற 1831 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தலைநகரில், நமக்கு முன்பே, நாடிழந்த சிறுகூட்டம் ஒன்று தன் மொழிக்கு இதழ் கண்டது. தமிழர் இதனைச் சற்றே நாணத்தோடுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

சந்தா செலுத்தியோர் மிகச் சிலரே. பொருளுடைய வணிகரும் எழுத்துக்குப் பொருள் தர முன்வரவில்லை. சிற்றிதழ் நடத்திப் பார்த்தவர்க்கு இந்த அவலம் புதிதன்று. 1796இல், பதினெட்டாம் இதழோடு ‘அஸ்தரார்’ நின்றது. ஒன்றரை ஆண்டில் மறைந்த அதனை அவருடைய மூன்றாம் மகவு என்றே சொல்லலாம். இம்முறை அவர் ஊரை விட்டு நீங்கவில்லை. அதன்பின் இருபத்தெட்டு ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்து, 1824 பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்தார்.

1991 செப்டம்பர் 21ஆம் நாள், சோவியத் ஒன்றியம் குலைந்துகொண்டிருந்த வேளையில், ஆர்மீனிய மக்கள் விடுதலைக்கு வாக்களித்தனர். ‘அஸ்தராரின்’ இருநூறாம் ஆண்டு 1994இல் நிறைந்தபோது அக்குடியரசுக்கு வயது மூன்று. கராபாக் போர் அவ்வாண்டு மே மாதத்தில்தான் ஓய்ந்திருந்தது. இப்போது ஆண்டுதோறும் அக்டோபர் 16ஆம் நாளை அந்நாட்டு இதழாளர் தம் நாளாகக் கொண்டாடுகின்றனர். சென்னையில் ஆர்மீனியர் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவரே. ஆலயத்தின் ஆறு மணிகள் மட்டும் ஞாயிறுதோறும் ஒலிக்கின்றன.