கண்ணொளி காத்த மன்னர் சரபோஜி

மேல்சித்தாமூரை அடுத்த செஞ்சிக் கோட்டையை 1677-இல் மாவீரர் சிவாஜி கைப்பற்றினார். அவர்தம் போன்சலே குடியில் 1777-இல் பிறந்து, துளஜா மன்னரின் சுவீகார புத்திரராகி, 1798-இல் தஞ்சை அரியணை ஏறியவர் இரண்டாம் சரபோஜி. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சியுரிமை ஆங்கிலேயர் வசமாயிற்று. அரசிழந்த அவருள்ளம் நூல்களிலும் மருத்துவத்திலும் தோய்ந்தது.

அந்நாளில் கண்புரைச் சிகிச்சைக்கு மயக்க மருந்தில்லை. வலி தாளாது நோயாளி சற்றே அசைந்தாலும் கண்ணினுள் குருதிக்குழாய் கிழியலாம்; உள்ளே குருதி பெருகினால் பார்வை அடியோடு பறிபோகவும் கூடும். அத்தகைய காலத்தில், சிகிச்சை பெற்றோர் கண்களை ஓவியமாக வரைவித்து, நோய்க்குறிகளையும் எழுதுவித்தார் மன்னர். அவ்வேடுகளுள் சில இன்றும் எஞ்சியுள்ளன.

1832-இல் அவர் மறைந்தார். ஈதர் மயக்கம் உலகறிந்தது 1846-இல்தான். ஆபத்தை அறிந்து, கண்டதைக் கண்டவாறு பதிந்து வைத்த அப்பண்பையே அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வமாக நாம் போற்றுகிறோம்.