சண்டைக்கு நடுவே பேசப் போன ஜேன் ஆடம்ஸ் அம்மையார்

நாம சந்தா கட்டுறோம், கடன் கொடுக்குறோம், தீர்மானம் எழுதுறோம். இதுக்கும் உலக சமாதானத்துக்கும் என்ன சம்பந்தம்னு தோணலாம். சம்பந்தம் உண்டு என்று வாழ்ந்து காட்டியவர் அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

1860-ல் இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். இரண்டு வயதில் தாயை இழந்தார். சிறு வயதிலேயே காசநோய் தாக்கி முதுகெலும்பு வளைந்துபோனது. ஆனாலும் அவர் முடங்கிவிடவில்லை. 1889-ல் தோழி எலன் ஸ்டாருடன் சேர்ந்து, சிகாகோ நகரின் ஏழைத் தொழிலாளர் பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார். சுற்றிலும் இத்தாலி, ஜெர்மனி, அயர்லாந்து, ருஷ்யா, கிரீஸ் நாடுகளிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள். கத்தோலிக்கர், யூதர், வேறு சபைக்காரர் என எல்லோருக்கும் கதவு திறந்திருந்தது. நீ எந்தச் சாமி கும்பிடுறவள்னு பார்த்து யாரையும் ஒதுக்கலை. வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளை அங்கே பார்த்துக்கொண்டார்கள். தெருவில் குப்பை சரியா அள்ளலைன்னு 1895-ல் குப்பை ஆய்வாளர் பொறுப்பையே ஏற்று, விடிந்ததும் வண்டிக்குப் பின்னாலேயே போனார் அம்மையார்.

ஒரு செருப்புத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். வாடகை கட்ட முடியாமல் போனால் தெருவுக்குத் துரத்திடுவாங்களோ என்று பயந்த பெண்கள்தான் முதலில் பணிந்துபோனார்கள். அதனால் அந்தப் பெண்களே கூட்டாக ஒரு விடுதி நடத்த முடிவு செய்தார்கள். முதல் மாத வாடகையும் தட்டுமுட்டுச் சாமானும் ஹல் ஹவுஸ் கொடுத்தது. பிறகு எல்லாச் செலவும் அவர்கள் கட்டிய வாரப் பணத்திலேயே நடந்தது. மூன்றே வருடத்தில் 50 உறுப்பினர்கள்!

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. மறுவருடம் ஹாலந்தின் ஹேக் நகரில் 12 நாட்டுப் பெண்கள் கூடினார்கள். அம்மையார்தான் தலைவர். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டிருந்த ஜெர்மனி, பிரிட்டன், பெல்ஜியம் நாட்டுப் பெண்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். போரில் சேராத நாடுகள் நடுவில் நின்று, விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. லண்டன், பெர்லின், வியன்னா, பாரிஸ் என்று அலைந்து மந்திரிகளைப் பார்த்தார் அம்மையார். ரோமில் போப்பாண்டவரையும் சந்தித்தார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். போர் மட்டும் நிற்கவில்லை.

ஊர் திரும்பியவருக்குக் கிடைத்தது ஏச்சுதான். நேற்றுவரை கொண்டாடிய பத்திரிகைகளே தூற்றின. 1917-ல் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது தேசத்துரோகி மாதிரி நடத்தினார்கள். அவர் பின்வாங்கலை. 1919-ல், போரில் தோற்ற ஜெர்மனிக்கே போய், பசியால் வாடிய குழந்தைகளைப் பார்த்து, அவர்களுக்காக உணவு கேட்டார்.

1931-ல் நோபல் சமாதானப் பரிசு வந்தது. அப்போது அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தார். பரிசுப் பணத்தைப் பெண்கள் சமாதானச் சங்கத்துக்கே கொடுத்தார். 1935 மே 21-ல் காலமானார்.

நம்ம கூட்டத்துல பேச்சு முற்றி, ரெண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கிட்டா, அடுத்த வாரம் அவங்க வீட்டுக்கு யார் போய்ப் பேசுறது? அங்கேதான் சமாதான வேலை ஆரம்பிக்குது, சகோதரிகளே.