மயிலை சீனி. வேங்கடசாமியின் நூற்பணியும் அதன் மேற்கோள் பயன்பாடும்

தமிழக வரலாறு, சமயம், கலை, இலக்கியம் ஆகிய துறைகளில் நிகழும் ஆய்வுகளில் தவறாது இடம்பெறும் பெயர்களுள் ஒன்று மயிலை சீனி. வேங்கடசாமி என்பதாகும். அவர் 1900 டிசம்பர் 16ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தையார் சித்த மருத்துவர். எழும்பூர் ஓவியப் பள்ளியில் சிறிது காலம் பயின்ற அவர், பின்னர் ஆசிரியப் பயிற்சி பெற்றுத் தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். திருமணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் பட்டமோ பதவியோ அவருக்கு இல்லை. அவர் மறைந்த ஆண்டு 1980.

அவரது முதல் நூலாகிய கிறித்தவமும் தமிழும் 1936இல் வெளிவந்தது. பௌத்தமும் தமிழும் 1940இலும், சமணமும் தமிழும் 1954இலும் தொடர்ந்தன. பல்லவ மன்னர் மூவரைப் பற்றித் தனித்தனி நூல்கள் எழுதினார். தமிழர் வளர்த்த அழகுக் கலைகள் 1956இல் வந்தது. ஓவியம் பயின்ற கண்ணின் துணை அந்நூலில் தெளிவாகப் புலப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கியம், களப்பிரர் ஆட்சியில் தமிழகம் ஆகியன பிற்கால நூல்கள். இருண்ட காலம் என்று ஒதுக்கப்பட்ட களப்பிரர் காலத்தை மறுமதிப்பீடு செய்ய முனைந்தது இவற்றுள் பின்னது.

இவையனைத்திலும் அடிப்படையானது 1959இல் வெளிவந்த மறைந்துபோன தமிழ் நூல்கள். பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார், யாப்பருங்கல விருத்தியுரைகாரர் முதலியோர் தம் உரைகளில் எடுத்தாண்ட நூற்பெயர்களையும் செய்யுள்களையும் அவர் தேடித் திரட்டினார். அகம், புறம், காவியம், இசை, நாடகம், இலக்கணம் எனப் பகுத்து அமைத்தார். குண்டலகேசியும் வளையாபதியும் இன்று சில செய்யுள்களாகவேனும் எஞ்சியிருப்பதற்குப் பிறர் அவற்றை எடுத்தாண்டமையே காரணம். மேற்கோள் என்பது ஒரு நூலின் செல்வாக்கை அளக்கும் கருவி என்றே இன்று கருதப்படுகிறது. தமிழில் அது பல நூல்களுக்கு உயிர்நிலையாகவும் இருந்திருக்கிறது என்பதற்கு இத்தொகுப்பே சான்று.

அவருடைய நூல்களே மேற்கோளாகும்போது நேர்வது வேறு. காஞ்சிபுரம் பற்றிய பகுதி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. காஞ்சிக் காமாட்சியம்மன் கோயில் ஆதியில் பௌத்தரின் தாராதேவி கோயிலாக இருந்தது என்பது பௌத்தமும் தமிழும் நூலில் அவர் கொண்ட கருத்து. து. அ. கோபிநாதராவ் காஞ்சியில் கண்ட புத்தர் உருவங்கள் குறித்து 1915இல் இந்தியன் ஆண்டிகுவரி இதழில் எழுதியிருந்தார். மணிமேகலையின் இறுதிக் காதைகள் காஞ்சியில் நிகழ்கின்றன. மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தில் பௌத்தத் துறவி ஒருவர் அந்நகரத் தெருவில் காபாலிகனோடு வழக்காடுகிறார். காஞ்சியில் பௌத்தம் செழித்திருந்தது என்பதற்கு இவை போதிய சான்றுகளே. ஆயினும் குறிப்பிட்ட ஒரு கோயில் எக்காலத்தில், எவ்வாறு மாறியது என்பதை இவை நிறுவுவதில்லை, அது ஊகம். சான்றும் ஊகமும் அடுத்தடுத்து நிற்கும் இத்தகைய இடங்களில், பின்வருவோர் ஊகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கே அவர் பெயரைச் சான்றாக நிறுத்துவது முறையன்று. இதில் அவருக்கும் ஓரளவு பங்குண்டு. ஊர்ப்பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் கொண்டு பழைய சமயநிலையைத் துணியும்போது அவர் சில இடங்களில் சற்று விரைந்து சென்றுவிடுகிறார்.

ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர் மாலை நேரங்களிலும் விடுமுறை நாள்களிலும் செய்த உழைப்பு இது என்பதை நினைக்கும்போது அதன் பரப்பு வியப்பளிக்கிறது. கல்வெட்டு, சிற்பம், உரைநூல், அச்சு வரலாறு ஆகியவற்றை ஒருவரே கையாண்டதனால், ஒரு துறைக்குள் நின்றோர் காணத் தவறிய தொடர்புகள் அவருக்குப் புலப்பட்டன. நுண்மையில் சில இடங்களில் தளர்வு நேர்ந்ததும் அப்பரப்பினாலேயே.

அவர் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட பின்னர்ப் பல பதிப்பகங்கள் அவற்றை வெளியிட்டன. பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறுகிறது. மறுபதிப்பின் ஆண்டை மட்டும் குறிக்கும் ஆய்வேடுகளில் 1940இன் கருத்து அண்மைக்கால முடிவுபோலத் தோன்றிவிடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரம் அகழ்ந்து வெளிப்படுத்தப்பட்டது 1960களில்தான். முதற்பதிப்பு ஆண்டைச் சுட்டாத மேற்கோளில், அவர் எந்தச் சான்றுகள் கைக்கு எட்டாத நிலையில் எழுதினார் என்பது மறைந்துபோகிறது.