செத்த கிருமியும் கொல்லும்

ஜெர்மானிய அறிஞர் ரிச்சர்ட் பைஃபர் 1858-இல் பிறந்தார். பெர்லினில் ராபர்ட் கோக்கிடம் பணியாற்றினார். 1892-இல் காலராக் கிருமிகளைச் சூடேற்றிக் கொன்று, கினிப் பன்றிகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தினார். பாவம், அவை இறந்தன! கிருமிதான் செத்துவிட்டதே, பின் கொன்றது எது? நஞ்சு கிருமியின் உடலோடு ஒட்டியே இருக்கிறது என்று கண்டார். அதுவே எண்டோடாக்ஸின்.

அது கிருமியின் வெளிச்சவ்வில் உள்ளதென இன்று நாம் அறிவோம். அச்சவ்வு நுண்குமிழிகளாகப் பிரிந்து நஞ்சைச் சுமந்து செல்கிறது. எங்களுக்கு வியப்பு என்னவென்றால், அதே குமிழிகளின் நஞ்சைக் குறைத்து ஒருவகை மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி செய்ததுதான். 2004-இல் நியூஸிலாந்துக் குழந்தைகளுக்கு அது போடப்பட்டது.

பைஃபரும் தவறியதுண்டு. அதே 1892-இல், இன்ஃபுளுயென்ஸாவுக்குத் தாம் கண்ட பாக்டீரியாவே காரணம் என்றார். 1933-இல் அது வைரஸ் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 75. 1945-இல் காலமானார்.